முப்பத்திரண்டு கணினிகளும் பதினோரு நொடியும்

கல்லூரியில் எல்லோரும் அவனைக் காயலான் என்றுதான் கூப்பிட்டார்கள். எதையும் தூக்கிப் போட மனம் வராதவன் என்பதால் காயலான் கடையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. கணினி ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர் என்று முழ நீளத்துக்கு ஒரு பதவிப் பெயரும் இருந்தது. ஆனால் அதைச் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. அவன் அறையில் மூன்று அலமாரி நிறையக் கழற்றிய விசிறிகளும், பாதி எழுத்து தேய்ந்த விசைப்பலகைகளும், எந்தப் பெட்டிக்கும் சேராத திருகாணிகளும் கிடந்தன. என்றைக்காவது உதவும் என்பான். அந்த என்றைக்காவது வரவே வராது என்று கல்லூரியில் பந்தயமே கட்டியிருந்தார்கள்.

வந்தது. தேர்வுக்கூடத்துக் கணினிகள் முப்பத்திரண்டையும் கழித்துக் கட்டிவிட்டுப் புதியவை வாங்கினார்கள். பழையவற்றை ஏற்றிப்போக லாரி வந்து நின்ற அன்று, காயலான் அதன் முன்னால் போய் நின்றுகொண்டான். எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னான். முதல்வர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பூட்டிக் கிடக்கும் வேதியியல் கிடங்கில் போட்டுக்கொள், ஆனால் என்னிடம் சல்லிக்காசு கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கணினிகளைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் உப்புக்குச் சப்பாணிதான். மாணவர்கள் கையில் வைத்திருக்கும் செல்போனே அவற்றைவிடக் கெட்டி. ஆனால் முப்பத்திரண்டையும் கம்பியால் இணைத்து, ஒரு பெரிய கணக்கை முப்பத்திரண்டு துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்து, விடைகளை வாங்கிக் கூட்டத் தெரிந்தால் கதையே வேறு. இதே வேலையைச் செய்யும் இயந்திரத்தைக் கம்பெனிகள் ஓர் இரும்பு அலமாரிக்குள் அடைத்து விற்கின்றன. அதன் விலைக்குக் கல்லூரிக்கு இன்னொரு மாடி கட்டிவிடலாம். மென்பொருளுக்கு வருடா வருடம் தனியாக அழவேண்டும். அது உள்ளே என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்கவும் முடியாது.

காயலான் எடுத்துக்கொண்டது ஓபன் சோர்ஸ் மென்பொருள். உலகத்தின் மூலை முடுக்கில் யார் யாரோ எழுதி, எடுத்துக்கொள், திறந்து பார், பிடிக்காவிட்டால் மாற்று என்று பொதுவில் வைத்தது. அவன் முட்டிக்கொண்டபோதெல்லாம் முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் சரியாக இருந்தது. அவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் காயலான் அவரை வீட்டு மனிதரைப்போல நினைத்துக்கொண்டிருந்தான்.

நூலகத்தில் கழித்த இரும்புத் தட்டுகளில் கணினிகளை அடுக்கினான். ஒவ்வொன்றுக்கும் பெயின்ட்டால் எண் எழுதினான். பத்தொன்பதாம் எண்ணின் விசிறி ஆடியது. அட்டையை மடித்து இடுக்கில் சொருகினான். எல்லாம் ஒன்றாக ஓடினால் கிடங்கு அடுப்பாகிவிடும். அதற்கு அக்காவின் சலவையகத்து உலர்த்தும் அறையிலிருந்து கழற்றிய பெரிய விசிறியைச் சுவரில் பதித்தான். இந்த ஏற்பாடு முழுவதற்கும் மந்தை என்று பெயர் வைத்தான். வேதியியல் கிடங்கின் பழைய நெடி கடைசிவரை போகவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் இழப்பதற்கு ஏதாவது வைத்திருந்தவள் அவள்தான். ஊரின் ஓரத்தில், சலவைச் சோடா செய்யும் ஆலையின் மதிலிலிருந்து நாலு தெரு தள்ளி, அவளுடைய சலவையகம் இருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுப்பதுதான் முக்கிய வேலை. ஆள் உயரத்துக்கு இரண்டு சலவை இயந்திரங்கள், இஸ்திரி மேஜைகள், எடை போடும் தராசு, ஆறு பெண்கள், கொல்லையில் ஒரு கிணறு. புருஷன் போனபின் பதினேழு வருடமாக அவள் ஒற்றை ஆளாக நடத்திவந்தாள். எல்லாம் அந்தக் கிணற்றை நம்பித்தான். தண்ணீரில் கொஞ்சம் உப்பு ஏறினால் சோப்பு நுரைக்காது. இன்னும் ஏறினால் வெள்ளைத்துணி மஞ்சளடிக்கும். மஞ்சளடித்த விரிப்பை எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது. வேடிக்கை என்னவென்றால், அவள் சலவைக்குப் போடும் சோடாவும் அதே ஆலையிலிருந்துதான் மூட்டை மூட்டையாக வந்தது. ஆலையின் மேல் அவளுக்குக் கோபமெல்லாம் கிடையாது. அவங்க பொழப்பு அவங்களுக்கு, நம்ம பொழப்பு நமக்கு என்பாள்.

ஆலையின் கழிவுநீர் உப்பு நீர். அதைத் தேக்கிவைக்க மதிலுக்குப் பின்னால் குட்டைகள் இருந்தன. அந்தக் குட்டைகளை மூன்று மடங்கு பெரிதாக்கிப் பத்து வருடத்துக்கு உரிமம் கேட்டு ஆலை விண்ணப்பித்திருந்தது. விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். உப்பு நிலத்தடியில் எவ்வளவு தூரம், எவ்வளவு நாளில் போகும் என்பதற்கு ஆலை தன் அறிக்கையை முதலிலேயே கொடுத்துவிட்டது. பெரிய கம்பெனியின் பெரிய கணினியை வாடகைக்கு எடுத்துப் போட்ட கணக்கு. அறுபது வருடமானாலும் உப்பு குடியிருப்புப் பக்கம் எட்டிப் பார்க்காது என்றது அது.

கல்லூரியில் நிலத்தடி நீர் பாடம் நடத்தும் பேராசிரியைக்கு அதில் நம்பிக்கை இல்லை. குட்டைகளுக்கு அடியில் இருக்கும் களிமண் படுகை ஒரே தகடாக இல்லை, அங்கங்கே கிழிந்திருக்கிறது என்று ஆழ்துளை போட்டுப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். ஆலையின் கணக்கில் அதை முழுத் தகடாக எடுத்திருப்பார்கள் என்பது அவர் சந்தேகம். கேட்டால் கம்பெனியின் ரகசியம் என்று கையை விரித்துவிட்டார்கள். கிழிசலோடு சேர்த்துக் கணக்குப் போட அவரிடம் விவரம் இருந்தது, கணினி இல்லை. ஒருநாள் வேதியியல் கிடங்கின் வாசலில் வந்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, உங்க மந்தையை இரவல் கொடுப்பீங்களா என்று கேட்டார்.

அறிக்கை கொடுக்க நாற்பத்தாறு நாள் இருந்தது. இங்கேதான் காயலான் ஒரு முடிவு எடுத்தான். பின்னால் அதை நினைத்து நினைத்து அவன் நொந்துபோனதால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

அக்காவின் சலவையகத்தில் ஆறு பெண்களும் ஆளுக்கொரு மூட்டையைத் தராசில் வைப்பார்கள். தராசு பழசு, ஒவ்வொரு மூட்டையையும் மேலே வைக்க வைக்க, மொத்த எடையில் கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டுத்தான் காட்டும். முதலில் யார் வைத்தார்கள், அடுத்து யார் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து மொத்தம் ஒரு துளி கூடும், ஒரு துளி குறையும். அதற்காகத் துணி மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. கணினியும் இப்படித்தான். முப்பத்திரண்டு பெட்டிகளின் விடைகளைக் கூட்டும்போது எது முந்தி வந்தது என்பதைப் பொறுத்துக் கடைசி இலக்கம் நகரும். இதைத் தடுக்க மென்பொருளில் ஒரு வழி உண்டு. ஒன்றாம் எண் வந்தபின்தான் இரண்டாம் எண், பிறகுதான் மூன்று என்று வரிசையில் நிறுத்திக் கூட்டலாம். அப்போது எத்தனை முறை ஓட்டினாலும் புள்ளி பிசகாது. ஆனால் ஒன்றுக்காக மற்றவை காத்துக்கிடப்பதால் நேரம் இரண்டு மடங்கு ஆகும்.

வரிசையில் நிறுத்தினால் நாற்பத்து நான்கு நாள். இஷ்டத்துக்கு விட்டால் இருபத்தொரு நாள். கடைசி இலக்கத்துக்காக இருபத்து மூன்று நாளைக் கொட்டுவது வெட்டிவேலை என்று காயலானுக்குத் தோன்றியது. கணினி படித்த யாரைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பார்கள். அவனை அரித்த கவலை வேறு. மலிவான கணினிகளில் நினைவகம் சமயத்தில் சத்தமில்லாமல் ஓர் எண்ணைப் புரட்டிவிடும். யாருக்கும் தெரியாது, விடை மட்டும் தப்பாக வரும். அதற்கு ஒரே மருந்து, இரண்டு முறை ஓட்டி ஒத்துப் பார்ப்பது. ஆகவே வேகமாக இரண்டு தடவை ஓட்டலாம் என்று தீர்மானித்தான். பேராசிரியை ஒரு தடவை போதாதா என்று கேட்டார். ஓசியில வந்த மாடு மேடம், ரெண்டு தடவை பல்லைப் பிடிச்சுப் பார்த்துடுவோம் என்றான்.

இருபத்தொரு நாள் மந்தை ஓடியது. மூன்று முறை மின்சாரம் போனது; பழைய பேட்டரிகள் தாங்கிக்கொண்டன. பத்தொன்பதாம் எண் ஒருமுறை இருமியது. அட்டையை இன்னும் ஆழமாகச் சொருகினான். வீட்டுக்குப் போனாலும் காதில் விசிறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. விடை வந்ததும் பேராசிரியை வரைபடத்தை விரித்தார். உப்பு களிமண் கிழிசல்களின் வழியே கையை நீட்டி நீட்டிக் குடியிருப்புக்குள் வந்திருந்தது. கிணறுகளுக்கெல்லாம் எண் போட்டிருந்தார்கள். நூற்றுப் பதினேழாம் எண் கிணற்றை எட்ட நாலு வருடம், இரண்டு மாதம், ஒன்பது நாள்.

அது அக்காவின் கிணறு. காயலான் அன்று சாயங்காலமே போய்ச் சொன்னான். அக்கா விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். நாள் கணக்கைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காலையில வருமா, சாயங்காலம் வருமா? வீட்ல இருக்கணுமேன்னு கேக்குறேன்."

"காலையில பத்தே காலுக்கு" என்றான் காயலான். கணக்கில் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

சிரித்து முடித்தபின் அவள் கிணற்றுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அந்தக் குழு இதைக் கேட்டுக்கொள்ளுமா என்றாள். கணக்கைப் பார்த்தால் கேட்காமல் என்ன செய்வார்கள் என்று அவன் சொன்னான். அதை முழுசாக நம்பித்தான் சொன்னான், பாவம்.

இரண்டாம் ஓட்டமும் முடிந்தது. நூற்றுப் பதினேழாம் கிணறு: அதே வருடம், அதே மாதம், அதே நாள், அதே பத்தே கால் மணி. வித்தியாசம் பதினோரு நொடி. காயலான் பூரித்துப்போனான். நாலு வருடத்தில் பதினோரு நொடி என்றால் நினைவகம் எங்கேயும் சொதப்பவில்லை, மந்தை கல் மாதிரி நிற்கிறது என்று பொருள். பேராசிரியையும் அவனும் கிடங்கு வாசலில் நின்று தேநீர் குடித்தார்கள். வருடக்கணக்கில் அவனைக் கிண்டலடித்த முதல்வர்கூட எட்டிப் பார்த்து, பரவாயில்லையே என்றார்.

பிறகு அவன், இந்த மென்பொருளோடு புழங்குபவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தான். பொதுவில் எடுத்ததைப் பொதுவில் வைப்பது அவர்களுக்குள் ஒரு மரியாதை. நிலத்தின் விவரம், கணக்கின் வரிகள், எந்தக் கணினியில் எந்தப் பாகம் பழையது என்ற பட்டியல், இரண்டு ஓட்டத்தின் விடைகள், எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டான். பத்தொன்பதாம் எண்ணின் அட்டையைக்கூட மறைக்கவில்லை.

குழு கூடியது ஓர் அரசு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில். நீள மேஜை, சுவர் ஓரமாகக் கோப்புகள், ஒரு பக்கம் மட்டும் காற்று வரும் குளிர்சாதனம். தலைவர் வயதானவர், நிதானமானவர். ஆலையின் சார்பில் வந்த நிபுணர் எழுந்து, மந்தையைப் பற்றிய எல்லா விவரங்களையும் தான் வரி விடாமல் படித்ததாகச் சொன்னார். இவ்வளவு வெளிப்படையாக எல்லாவற்றையும் வைத்தவர்களைத் தன் தொழிலில் பார்த்ததில்லை என்றார். அதில் நக்கல் இல்லை, மனதாரத்தான் சொன்னார். காயலானுக்குக் காது மடல் சூடாகியது. அப்புறம் அவர் தாளைத் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு தடவை ஓட்டியிருக்கீங்க. ரெண்டு தடவையும் ஒரே விடைதானா?"

பேராசிரியையின் செருப்பு மேஜைக்கடியில் அவன் காலை அழுத்தியது. ஏன் அழுத்துகிறார் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது பொய்யும் ஆகாது. உலகத்தில் எந்த மனிதனும் அதை ஆமாம் என்றுதான் சொல்வான். ஆனால் இருபது வருடம் கணினியோடு குப்பை கொட்டியவனுக்குச் சமம் என்றால் சமம், இல்லையென்றால் இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது.

"இல்லைங்க" என்றான்.

நிபுணர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். தலைவர் தன் முன்னால் இருந்த விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்பதாவது விதி: அதே கணினியில், அதே விவரத்தைக் கொண்டு, மறுபடியும் ஓட்டினால் அதே விடை வரவேண்டும்; வராத அறிக்கையைச் சான்றாக ஏற்கக் கூடாது. முன்பு எவனோ ஒருவன் விடைகளைக் கையால் திருத்திக் கொடுத்து இன்னொரு குழுவை ஏமாற்றியிருந்தான். அதற்காக எழுதிய விதி. எழுதியவர்களில் பேராசிரியையும் ஒருத்தர். காலை அழுத்தியதன் அர்த்தம் காயலானுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் எழுந்து விளக்கப் பார்த்தான். தராசைச் சொன்னான், மூட்டையைச் சொன்னான், பதினோரு நொடியைச் சொன்னான். பதினோரு நொடி என்றதும் மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ஆலையின் பெரிய கணினியும் இதே மாதிரிதான் கூட்டும், அதையும் இரண்டு தடவை ஓட்டச் சொல்லுங்கள் என்றான். நிபுணர் ஒரு சான்றிதழை நகர்த்தி வைத்தார். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. உள்ளே திறந்து பார்க்கலாமா என்று பேராசிரியை கேட்டார். அது கம்பெனியின் சொத்து, உத்தரவு போட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார் தலைவர். ஒருவருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்ததில் ஒரு குறையையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோருக்கும் திறந்து வைத்திருந்ததில் பதினோரு நொடி கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

வரிசையில் நிறுத்திக் கூட்டினால் புள்ளி பிசகாமல் வரும், நாற்பத்து நான்கு நாள் கொடுங்கள் என்று காயலான் கெஞ்சினான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கணக்கு அவனுக்கே புரிந்துவிட்டது. அந்த நாற்பத்து நான்கு நாள் அவன் கையில் இருந்தது. அறிக்கைக்குக் கொடுத்த நாற்பத்தாறு நாளில் அது சரியாக அடங்கியிருக்கும். மெதுவாக ஒரே ஒரு தடவை ஓட்டியிருந்தால் ஒன்பதாவது விதி வாயைத் திறந்திருக்காது. வேகமாக ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டுச் சும்மா இருந்திருந்தாலும், ஒத்துப் பார்க்க இரண்டாவது விடை என்று ஒன்று இருந்திருக்காது. அவன் வேகமாகவும் ஓட்டினான், இரண்டு தடவையும் ஓட்டினான். தன் மந்தை பொய் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் செய்த காரியம்தான் அதன் கழுத்தை அறுத்தது.

பழைய உரிமம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்பது சட்டம் என்றார் தலைவர். கூட்டம் கலைந்தது. நடைபாதையில் தண்ணீர்க் குழாயடியில் காயலான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது. நான் நம்பவும் செய்றேன்" என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா நான் நம்புறேன்னு எழுத அந்தப் படிவத்துல இடம் இல்லை தம்பி."

திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது காயலானுக்கு. கல்லூரி வாசலில் இறங்கும்போது பேராசிரியை, அந்த விதியை எழுதின அன்னிக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு என்றார்.

வெள்ளிக்கிழமை ஆலைக்கு உரிமம் கிடைத்தது. அடுத்த வாரம் மண் அள்ளும் வண்டிகள் மதிலுக்குப் பின்னால் வேலையை ஆரம்பித்தன. ஏற்கப்படாத அறிக்கையில் கல்லூரியின் பெயர் வந்ததில் முதல்வருக்கு முகம் சுண்டிவிட்டது. கிடங்கைக் காலி செய்துகொடுக்கச் சொல்லித் தாள் அனுப்பினார். காயலான் கேட்டுக்கொண்டதால் இரண்டு மாதம் தவணை கொடுத்தார்.

அந்த இரண்டு மாதத்தில் அவன் மந்தையை மறுபடி ஓட்டினான், இந்தத் தடவை வரிசையில் நிறுத்தி. யாருக்காக என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. ஒன்று வந்தபின் இரண்டு, இரண்டு வந்தபின் மூன்று என்று முப்பத்திரண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல நின்று நின்று கூட்டின. நாற்பத்து நான்காம் நாள் விடை வந்தது. அதே நாள், பத்தே கால். அதே வாரம், மூன்று முறை பதில் எழுதிய அந்த முகம் தெரியாத மனிதரிடமிருந்து நாலாவது கடிதம் வந்திருந்தது. பொதுவில் வைத்ததை எடுத்துத் தன்னிடமிருந்த நூற்றுச் சொச்சம் கணினிகளில், அதேபோல வரிசையில் நிறுத்தித் தானும் ஓட்டிப் பார்த்ததாக எழுதியிருந்தார். பெட்டிகளின் எண்ணிக்கை வேறு என்பதால் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் நகரும். மற்றபடி உங்கள் கணக்கு சரி, வாழ்த்துகள் என்று முடித்திருந்தார். காயலான் அதை அச்சடித்துக் குழுவின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். குழு கலைக்கப்பட்டுவிட்டது, கோப்பு பதிவறைக்குப் போய்விட்டது என்று அங்கே இருந்த குமாஸ்தா சொன்னார். தாளை வாங்கிக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை. எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனான். மத்தியான வேளை. இரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு பெண்களும் இஸ்திரி மேஜையைச் சுற்றி நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மூலையில் இருந்த சின்ன மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வா, நல்ல நேரத்துல வந்தே, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு, என்னன்னு படி என்றாள்.

ஆஸ்பத்திரியின் ஒப்பந்தம். இதுவரை வருடத்துக்கு வருடம் புதுப்பித்துவந்தவர்கள், இனிமேல் ஐந்து வருடத்துக்குத்தான் போடுவார்களாம். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு கட்டடம் வருகிறது. விரிப்புகள் இரண்டு மடங்காகும். ஐந்து வருடம் முடியும்முன் வேலை நின்றாலோ துணி கெட்டாலோ, மீதிக் காலத்துக்கு வேறு சலவையகம் வைத்துக்கொடுக்கும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. அதற்கு இயந்திரங்களும் கட்டடமும் ஈடு. கையெழுத்துப் போட இஷ்டமில்லாவிட்டால் இந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று கடைசி வரி மரியாதையாகச் சொன்னது.

காயலான் முழுவதையும் படித்துக் காட்டினான். அக்கா பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தாள்.

"அஞ்சு வருஷம். போடவா?"

அவனுக்குள் என்னென்னவோ ஓடியது. போடு என்ற ஒரு வார்த்தை போதும். நாலு வருடத்துக்கு அக்கா நிம்மதியாக இருப்பாள். அந்த ஆறு பெண்களும் இருப்பார்கள். அதற்குள் என்னவெல்லாமோ நடக்கலாம். குழுவின் முன்னால் ஒரு சின்ன ஆமாம் சொல்லத் தெரியாமல் போனவனுக்கு, இங்கேயாவது அந்தப் புத்தி வரக் கூடாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

"குழுவே தள்ளிட்டாங்களே அக்கா" என்றான், சுற்றும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு. "எங்க கணக்கு தப்பாக்கூட இருக்கலாம்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். தம்பியின் முகத்தைச் சின்ன வயதிலிருந்து படித்தவள் அவள். அதற்குக் கண்ணாடி தேவையில்லை.

"குழு என்ன சொல்லுச்சுன்னு நான் கேக்கலை. உன் மெஷின் சொன்னது சரியா, தப்பா? என்கிட்ட சொல்லு."

இயந்திரம் ஒன்று சுற்றி நின்றது. காயலான் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"சரிதான்."

"ரெண்டு தடவையும்?"

"மூணு தடவையும்."

அக்கா தலையை ஆட்டினாள். பேனாவை மூடினாள். படிவத்தை வந்த மடிப்பிலேயே மடித்து, வந்த உறையிலேயே போட்டு, மேஜையின் மறுபக்கமாக நகர்த்தி வைத்தாள். குழு ஏற்கவில்லை, ஆலை நம்பவில்லை, கல்லூரி கைகழுவிவிட்டது. அந்தக் கணக்கை அப்படியே நம்பிக் காரியத்தில் இறங்கிய ஒரே ஆள் அவன் அக்காதான், அதுவும் தன் பிழைப்பைத் தானே மூடிக்கொள்ள.

"வருஷத்துக்கு வருஷம் போடுற சின்ன இடம் ஏதாவது கிடைக்குமான்னு பார்க்கலாம்" என்றாள் அக்கா. கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். ஊரில் இருந்தது ஒரே ஆஸ்பத்திரி.

நின்றுபோன இயந்திரத்தின் கதவைத் திறந்து ஈர விரிப்புகளை இழுத்துக் கூடையில் போட ஆரம்பித்தாள். பளீரென்று இருந்தன. இஸ்திரி மேஜைப் பக்கம் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆறு பேர்ல யார்கிட்ட முதல்ல சொல்றது, அதை மட்டும் நீ சொல்லு."